தொய்ந்த தோல் சீட்: கண்டிஷனர், நீராவி, ஃபோம் வேலை, புது உறை – எதற்குக் காசு கொடுக்கலாம்?

ஓட்டுநர் சீட்டில் கதவோரத் திண்டு, அதாவது ஓரத்தில் மேடாக நிற்கும் பகுதி, நசுங்கி, உட்காரும் இடத்தில் தோல் அலை அலையாகச் சுருண்டு நிற்கிறதா? இதற்குச் சந்தையில் நான்கு வைத்தியம் விற்கிறார்கள். புட்டியில் வரும் கண்டிஷனர், நீராவியோ சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னோ வைத்து இறுக்குவது, உறையைக் கழற்றி உள்ளே ஃபோம் வேலை பார்ப்பது, எல்லாவற்றையும் உரித்துப் போட்டுப் புது உறை தைப்பது. காரைச் சுத்தம் செய்து மெருகேற்றும் டீட்டெய்லிங் கடைக்குப் போனால் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்வார்கள். சீட் கவர் கடைக்குப் போனால் நேரே நான்காவதைக் காட்டுவார்கள், லாபம் அதில்தான். பெரும்பாலான கார்களுக்குத் தேவைப்படுவது நடுவில் இருக்கும் மூன்றாவது. அதை யாரும் தானாக எடுத்துச் சொல்வதில்லை. நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

காரணம் எளிது. அடியில் இருக்கும் பாலியூரித்தேன் ஃபோம் வருடக்கணக்கில் நசுங்கி உயரம் இழக்கிறது. மேலே இருக்கும் தோலின் பரப்பு குறைவதில்லை; உட்கார்ந்து எழுந்து கொஞ்சம் நீளவும் செய்கிறது. பஞ்சு இறங்கிய தலையணைக்கு உறை பெரிதாகிப் போவது போலத்தான். உறையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஃபோம் எவ்வளவு சீக்கிரம் படுத்துவிடும் என்று அளக்க ஒரு பொதுச் சோதனை உண்டு: துண்டைப் பாதி உயரத்துக்கு நசுக்கி 70 டிகிரியில் 22 மணி நேரம் வைத்து, வெளியே எடுத்து எவ்வளவு மீண்டது என்று பார்ப்பார்கள். சூடும் ஈரமும் ஃபோமுக்கு எதிரி. மே மாத வெயிலில் கண்ணாடியை ஏற்றி நிறுத்திய சென்னைக் காருக்குள் இரண்டும் தாராளமாகக் கிடைக்கும். கதவோரத் திண்டு முதலில் போவதற்கு வேறு காரணம்: இறங்கும்போது மொத்த எடையும் ஒரு நொடி அந்த விளிம்பில் ஏறுகிறது, அதோடு தொடை அதன்மேல் உரசிக்கொண்டு போகிறது. நம் ஊர்க் கார்களில் அது ஓட்டுநரின் வலப்பக்கத் திண்டு. பின் பாக்கெட்டில் தடித்த பர்ஸ் வைத்து ஓட்டுபவர்களுக்கு உட்காரும் இடத்தின் ஒரு பாதி மட்டும் குழியும்.

கடைக்குப் போகும் முன் கையால் பார்த்துவிடலாம். சுருக்கம் இருக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். தோல் ஃபோமின் மேல் தனியாக வழுக்கி நகர்ந்தால் உறை தளர்ந்திருக்கிறது. அழுத்திய இடம் மெதுவாக எழும்பினாலோ, நொறுநொறுவென்று சத்தம் வந்தாலோ ஃபோம் செத்துவிட்டது. அடியில் கம்பி கையில் தட்டுப்பட்டால் ஃபோமைத் தாண்டியும் விஷயம் இருக்கிறது. சீட்டை முழுக்க முன்னே தள்ளி, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் வளைந்து வளைந்து போகும் ஸ்பிரிங் கம்பிகளில் ஒன்று கொக்கியிலிருந்து கழன்று தொங்கலாம், அல்லது ஒடிந்திருக்கலாம். அப்படியானால் புது ஃபோம் போட்டாலும் சில மாதத்தில் அதே குழி விழும். சீட் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் பாதி நேரம் கோளாறு இங்கேதான்.

இன்னொன்றையும் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்: உங்களுடையது தோல்தானா? இந்தியாவில் லெதர் சீட் என்று விற்கப்படுவதில் நிறைய ரெக்சின். நிஜத் தோல் போட்ட கார்களிலும் உடல் படும் பகுதி மட்டும் தோலாகவும் பக்கங்களும் முதுகுப்புறமும் ரெக்சினாகவும் இருப்பது சாதாரணம். சீட்டின் அடி விளிம்பில் உறை மடங்கி உள்ளே போகும் இடத்தில் பின்பக்கத்தைப் பாருங்கள். துணிப் பின்னல் தெரிந்தால் ரெக்சின். நார் நாராக, மெல்லிய பிசிறோடு இருந்தால் தோல். இந்த வேறுபாடு கண்டிஷனருக்கும் சூட்டுக்கும் முக்கியம், ஃபோம் வேலைக்கு அவ்வளவு இல்லை.

கண்டிஷனரை முதலில் முடித்துவிடலாம். இன்றைய கார்த் தோலின் மேல் நிறப்பூச்சும் அதற்கு மேல் பாலியூரித்தேன் படலமும் இருக்கின்றன. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உருண்டு நிற்கும். தண்ணீர் உள்ளே போகாத இடத்தில் கண்டிஷனர் மட்டும் ஊடுருவி நாரைக் கொழுக்க வைத்துச் சுருக்கத்தை நீக்கும் என்பது நம்பும்படி இல்லை. ஜெர்மனியின் கலர்லாக் போன்ற நல்ல பிராண்டுகளின் கிளீனரும் பாதுகாப்புத் திரவமும் தரமானவை. அழுக்கு எடுக்கும், ஜீன்ஸ் சாயம் ஏறுவதைத் தடுக்கும், உரசலைக் குறைக்கும். இறங்கிய ஃபோமை உயர்த்தாது. அமெரிக்காவின் லெதரிக் எண்ணெயைப் பூசிக் காரை வெயிலில் மூடிவைக்கும் முறைக்கு ரசிகர்கள் உண்டு. சொட்டுத் தண்ணீரை உறிஞ்சிக் கறுக்கும் பழைய, மேல்பூச்சு இல்லாத தோலில் அது மென்மையைத் திருப்பித் தரும். அங்கே மட்டும் நாங்கள் பரிந்துரைப்போம். ரெக்சினில் இவை எல்லாமே வீண். சீட்டில் துளைகள் இருந்தால் திரவத்தை நேரே ஊற்றாமல் துணியில் எடுத்துத் தடவுங்கள், இல்லாவிட்டால் துளைக்குள் இறங்கி வெள்ளையாகக் காய்ந்து நிற்கும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். சிக்குப்பிடித்து நாறும், வெள்ளைச் சட்டையில் ஏறும். பளபளப்புக்காகப் போடும் சிலிக்கான் பாலிஷ் அதைவிட மோசம். நாளைக்கு விரிசலுக்கு நிறம் பூச நினைத்தால் பூச்சு பிடிக்காமல் உரிந்து வரும்.

அடுத்தது சூடு. வீடியோக்களில் பார்க்க மாயம் போலத்தான் இருக்கும்: ஹீட் கன் காற்றுப் பட்டதும் சுருக்கம் மறைந்து தோல் விறைத்து நிற்கும். தோலின் கொலாஜன் நார் சூட்டில் சுருங்குகிறது என்பது உண்மை. எந்தச் சூட்டில் என்பதுதான் சிக்கல். ஈரமான நிலையில், குரோம் உப்பால் பதனிட்ட தோல் ஏறத்தாழ 100 டிகிரி வரை தாங்கும். குரோம் இல்லாமல் பதனிட்ட தோல் 70, 75 டிகிரியிலேயே சுருண்டு விறைத்துவிடும். கார்த் தோலில் இந்த இரண்டாவது வகை நிறையப் புழங்குகிறது, மேலே பார்த்து எது என்று சொல்ல முடியாது. நீராவி மூக்கிலிருந்து வருவதோ 100 டிகிரி. மூக்கை ஒரே இடத்தில் வைத்துக் காட்டினால் தோல் அந்த இடத்தில் காகித அட்டை போல விறைத்துவிடும், திரும்பி வராது.

ஆகவே செய்வதென்றால் இப்படி: முதலில் சுத்தம் செய்து உலரவிட வேண்டும், அழுக்கோடு சூடு காட்டினால் அழுக்கு பூச்சில் பதிந்துவிடும். நீராவி என்றால் நடுவில் ஈரப் பருத்தித் துணி, மூக்கு ஒரு சாண் தள்ளி. ஹீட் கன் என்றால் குறைந்த சூட்டில் 20 செ.மீ. தூரத்தில், நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே. அகச்சிவப்பு வெப்பமானி கையில் இருக்கட்டும், மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. கையை மூன்று நொடி வைக்க முடியவில்லை என்றால் ஏற்கெனவே அதிகம். சூடேறியதும் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி உள்ளங்கையால் தள்ளி, குளிரும்வரை பிடித்திருக்க வேண்டும். ரெக்சினில் சுருக்கம் தளரும், ஆனால் சூடு கொஞ்சம் கூடினாலும் மேல் வரிகள் உருகிக் கண்ணாடி மாதிரி மினுங்கும். பக்க ஏர்பேக் இருக்கும் முதுகுத் திண்டின் வெளி ஓரத்தில் சூடே காட்ட வேண்டாம்.

இவ்வளவு கவனமாகச் செய்தும் கீழே ஃபோம் இறங்கியிருந்தால் சில வாரங்களில் அதே கோட்டில் சுருக்கம் திரும்பும். இதற்குத் தனியாகக் காசு கொடுப்பதற்கு ஒரே நியாயம் உண்டு: ஃபோம் கெட்டியாக இருந்து, மெல்லிய கோடுகள் மட்டும் விழுந்த நாலைந்து வருடக் கார். அதுவும் விற்கப் போகிற கார் என்றால் வாங்குகிறவர் பாவம்.

இனி ஃபோம் வேலை. நல்ல பட்டறைக்கும் சுமாரான பட்டறைக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரியும்; என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் கேள்வி கேட்கலாம்.

சீட்டைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிட்டுக் குறைந்தது 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் நிறக் கனெக்டர் ஏர்பேக்குடையது. அதைக் கழற்றிய நிலையில் யாராவது சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு எரிந்து, ஸ்கேனர் போட்டு அழிக்கும்வரை நிற்காது. எலக்ட்ரிக் சீட்டாக இருந்தால் பேட்டரியை எடுக்கும் முன்பே நான்கு போல்ட்டும் எட்டும்படி முன்னும் பின்னும் ஓட்டித் தளர்த்திக்கொள்ள வேண்டும், பிறகு நகராது. இதைச் செய்யாமல் நேரே ஸ்பேனரை எடுப்பவரிடம் காரை விடாதீர்கள்.

உறை இரண்டு விதமாகப் பிடித்திருக்கும். அடி விளிம்பில் கொக்கி போன்ற பிளாஸ்டிக் பட்டை, சட்டத்தில் மாட்டியிருக்கும். அது எளிதாக வரும். மேலே தையல் கோடுகள் பள்ளமாகத் தெரிகிற இடங்களில் உறையோடு ஓடும் கம்பியை ஃபோமுக்குள் புதைந்த கம்பியோடு சேர்த்துச் சின்ன இரும்பு வளையங்கள், அதாவது ஹாக் ரிங், கவ்வியிருக்கும். வளையங்களை வெட்டித்தான் எடுக்க வேண்டும். திரும்பப் போடும்போது துருப்பிடிக்காத புது வளையம், அதற்கான பிளையர். கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டுபவர்களும் உண்டு. நிற்கும், ஆனால் முடிச்சு உட்காரும்போது குத்தும். ஒரு பள்ளத்தில் நான்கு வளையம் இருந்த இடத்தில் இரண்டு போட்டு அனுப்புவதும் நடக்கும். புது ஃபோம் போட்டும் நடுவில் தோல் காற்றில் எழும்பி நிற்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

உறை வந்ததும் ஃபோமைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் கம்பி உரசிய இடங்களில் பொடி உதிர்ந்து பள்ளம் விழுந்திருக்கும். கதவோரத் திண்டில் ஃபோம் கிழிந்து சட்டத்தின் விளிம்பு எட்டிப் பார்க்கும். இங்கே எடுக்கும் முடிவுதான் வேலையின் ஆயுள். நடுவில் குழி என்றால் அடியிலிருந்து உயர்த்த வேண்டும்: ஃபோமுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே 10 முதல் 15 மி.மீ. கெட்டி ஃபோம், அதற்கும் கீழே கம்பி அறுக்காதபடி தடித்த ஃபெல்ட் துணி. இப்படிச் செய்தால் கம்பெனி வடித்த மேல் வடிவம் கெடாது. மேலே தோல் மட்டும் தளர்ந்திருந்தால் 5, 6 மி.மீ. ஃபோமோ பஞ்சு விரிப்பு போன்ற பாலியெஸ்டர் வாடிங் ஒரு அடுக்கோ மேலே போதும். வாடிங்குக்கு இன்னொரு பயனும் உண்டு: ஃபோமைத் தோல் பற்றி இழுக்காமல் வழுக்கவிடும், அதனால் மடிப்பு விழுவது குறையும். கிழிந்த திண்டுக்குச் செத்த பகுதியை நேர்கோட்டில் வெட்டி எடுத்து, அதே வடிவில் கெட்டித் துண்டு ஒட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து மற்றத் திண்டின் வளைவுக்குக் கொண்டுவர வேண்டும்.

சீக்கிரம் முடிக்க நினைக்கும் கடை இதெல்லாம் இல்லாமல் 25 மி.மீ. மென் ஸ்பாஞ்சை மேலே வைத்து உறையை இழுத்து மாட்டிவிடும். காரை எடுக்கும் அன்று சீட் புதுசு போல விறைப்பாக இருக்கும். ஒரு மாதத்தில் ஸ்பாஞ்ச் படுத்து, இழுபட்ட தோலும் சேர்ந்து, முன்பைவிட அதிகச் சுருக்கம். இழுத்த இழுப்பில் தையல் துளைகள் வாய் பிளந்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஃபோமின் தரத்தைத் தராசில் பார்க்கலாம். கையால் அழுத்திப் பார்ப்பது கடினத்தைத்தான் சொல்லும்; ஆயுளைச் சொல்வது அடர்த்தி. கெட்டியாக இருந்தும் அடர்த்தி குறைந்த ஃபோம் சந்தையில் ஏராளம். 30 செ.மீ.க்கு 30 செ.மீ., 5 செ.மீ. தடிமன் துண்டு ஒன்றை எடை போடுங்கள். 180 கிராம் வந்தால் கன மீட்டருக்கு 40 கிலோ, 225 கிராம் என்றால் 50 கிலோ. கார் சீட்டில் உட்காரும் இடத்துக்கு 40க்குக் கீழே ஒத்துக்கொள்ள வேண்டாம். 90 கிராம் காட்டினால் அது 20 கிலோ ரகம், சோஃபாவின் முதுகுக்குப் போகட்டும். கேட்கும்போது 'ஹெச்.ஆர். ஃபோம்' (ஹை ரெசிலியன்ஸ், அழுத்தினால் நன்றாக மீண்டெழும் ரகம்) என்றே கேளுங்கள்.

பசையும் கவனிக்க வேண்டியதுதான். ரப்பர் சொல்யூஷனை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகு சேர்க்க வேண்டும். விளிம்பைச் சுற்றி இரண்டு மூன்று செ.மீ. போதும். உட்காரும் பரப்பு முழுக்கப் பூசினால் காய்ந்து ஓடு போலாகி, உட்காரும்போதெல்லாம் சத்தம் போடும்.

வசதிகள் கூடிய சீட்டில் தடைகளும் கூடும். ஹீட்டர் உள்ள சீட்டில் அதன் விரிப்பு ஃபோமின் மேல் ஒட்டியிருக்கும். மடித்தால் உள்கம்பி ஒடியும், அதற்கு மேலே ஃபோம் வைத்தால் சூடு மேலே வராது. காற்று வரும் சீட்டில் மேலே ஒன்றுமே சேர்க்கக் கூடாது, வேலை முழுவதும் அடியிலிருந்துதான். பக்கத்துச் சீட்டில் ஆள் இருப்பதை உணரும் சென்சார் விரிப்பு இருந்தால் அதன் மேல் அடுக்கும் ஃபோம் அதைக் குழப்பும். எடையை அளந்து ஏர்பேக்கை முடிவு செய்யும் கார்களில் சென்சாரை மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவரக் கம்பெனி ஸ்கேனர் தேவைப்படும். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும், கம்பெனி அச்சில் வார்த்த புது ஃபோம் கிடைக்குமா என்று உதிரிபாகக் கவுண்டரில் முதலில் விசாரியுங்கள். கிடைத்தால் அதுதான் நேர்வழி. பழைய உறை அப்படியே பொருந்தும். சில கார்களுக்கு ஃபோமைத் தனியாகத் தரமாட்டார்கள், உறையோடு சேர்த்தே விற்பார்கள். விலையைக் கேட்டால் பட்டறைக்குத் திரும்பத் தோன்றும்.

உறையைத் திரும்ப மாட்டும் முன் அரை மணி நேரம் வெயிலில் போட்டு வைத்தால் தோல் இளகும். நடுப் பள்ளங்களை முதலில் கவ்வவிட்டு, பிறகு பக்கங்கள், கடைசியாகப் பின்விளிம்பு. மாட்டி முடித்த பிறகு முன்னே சொன்ன அளவான நீராவி. இப்போது அடியில் தாங்கு இருப்பதால் அது நிற்கும்.

ஃபோமைச் சரி செய்தும் தோல் மிஞ்சுகிறது என்றால் தையலைப் பிரித்து 3 முதல் 5 மி.மீ. பிடித்துத் தைக்கலாம். பழைய ஊசித் துளைகள் உள்மடிப்புக்குள் மறைந்துவிடும். மேலே அலங்காரத் தையல் ஓடும் இடத்தில் இது நடக்காது, பழைய துளை வரிசை வெளியே தெரியும். நூல் தடித்த பாலியெஸ்டர், அங்குலத்துக்கு 6, 7 தையல்; நெருக்கித் தைத்தால் துளைகளுக்கு நடுவே தோல் கிழியும். ஏர்பேக் ஓரத் தையல் வெடித்துத் திறப்பதற்கென்றே தனி நூலில் தைத்தது. அதை எந்தக் காரணத்துக்கும் தொடக் கூடாது.

முழுதாகப் புது உறை, தோல் பல இடங்களில் கிழிந்தோ மேல்பூச்சு பாளம் பாளமாக உரிந்தோ இருந்தால் மட்டும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்தில் இருக்க நமக்கென்ன தோல் பஞ்சம் என்று தோன்றும். அங்கே பெரும்பகுதி செருப்புக்கும் ஆடைக்கும் பதனிடுவது. கார் சீட்டுக்கு வெயிலில் நிறம் மங்காமையும் உரசல் தாங்கும் மேல்பூச்சும் வேண்டும், ஆடைத் தோலில் இரண்டும் போதாது. ஆட்டுத் தோல் ஒன்று 5 சதுர அடி சுமாருக்குத்தான் வரும், ஒட்டுகள் கூடும். கார் ரகம் என்று எழுதித் தரச் சொல்லி, தடிமன் 1 முதல் 1.4 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமானது: பழைய ஃபோமின் மேல் புது உறை தைக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். விலைப் பட்டியலில் ஃபோமுக்குத் தனி வரி இல்லை என்றால் அப்படித்தான் செய்யப் போகிறார்கள். இருக்கும் சீட்டின் மேலேயே மாட்டும் ரெக்சின் கவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சுருக்கத்தை மறைக்கும், குழியை மறைக்காது; பக்க ஏர்பேக் உள்ள காரில் அந்த ஓரம் திறந்திருக்கும்படி தைத்ததா என்பதே முதல் கேள்வி.

சுருக்கக் கோடுகளில் மெல்லிய விரிசல் விழுந்திருந்தால் நிரப்பி நிறம் பூசும் வேலை தனி. அது ஃபோம் வேலைக்குப் பிறகுதான் வர வேண்டும், முன்பே பூசினால் உறையை இழுத்து மாட்டும்போது பூச்சு வெடிக்கும்.

வண்டியை எடுக்கும்போது அவசரப்படாதீர்கள். சாவியைத் திருப்பி ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாமல் இருந்தால் எச்சரிக்கை ஒலி வர வேண்டும். சீட்டை முன் கோடியிலிருந்து பின் கோடிவரை ஓட்டிப் பாருங்கள், அடியில் ஒயர் இழுபடக் கூடாது. நான்கு போல்ட்டும் டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கம்பெனி அளவுக்கு முறுக்கப்பட்டதா என்று கேளுங்கள். இரண்டு பக்கத் திண்டுகளின் உயரத்தையும் தரையிலிருந்து டேப் வைத்து அளந்தால் சாய்வு தெரிந்துவிடும். வெட்டி எடுத்த பழைய ஃபோமைக் காட்டச் சொல்லுங்கள். பசை வாடை அடங்கும்வரை ஓரிரு நாள் நிழலில் கண்ணாடியை இறக்கி வைத்திருங்கள், உறையைத் தண்ணீர் போட்டுத் துடைக்க வேண்டாம். இரண்டு வாரம் ஓட்டிய பிறகு பள்ளங்களில் வளையம் விட்டிருந்தால் மறுபடி கவ்வித் தருவதாகப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.